கண்ணாடி முன் நிற்கும் உரிமை

சென்ற வைகாசியில் ஒரு மாலை. எங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி, துப்பட்டாவால் முகத்தை மூடியபடி வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பிளஸ் டூ முடித்தவள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள். அம்மா கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்.

"என்னட்டி ஆச்சு, காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா."

துப்பட்டாவை விலக்கியபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. தோல் எண்ணெய்க் காகிதம்போல மெலிந்து, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. நெற்றியில் சின்னச் சின்னப் பருக்கள். மூன்று மாதமாக ஒரு கிரீம் போடுகிறாளாம். முதல் மாதம் நன்றாக வெளுத்ததாம். இப்போது வெயிலில் போனால் எரிகிறது, நிறுத்தினால் பரு பொங்குகிறது. கிரீம் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணின் படம் மட்டும் இருந்தது.

எதற்காகப் போட்டாய் என்றேன். "காலேஜ்ல எல்லாரும் பளிச்சுன்னு இருப்பாங்கக்கா. பாத்ததும் எந்தத் தெருன்னு கண்டுபிடிச்சிரக் கூடாதுல்லா."

அன்று எடுக்க வேண்டியிருந்த இலக்கண வகுப்பை என்னால் எடுக்க முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாடம் இதுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, டவுன் ரத வீதிப் பக்கம் இருக்கும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் ஒரு மருந்துக் கடையிலும் பை நிறைய வாங்கினேன். ஷாம்பு பாக்கெட்டுகள், சின்ன பவுடர் டப்பா, கண் மை, லிப்ஸ்டிக், முகப்பூச்சு கிரீம் இரண்டு, தலைச்சாயம், முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் ஒன்று, முடி வெட்டும் டிரிம்மர் ஒன்று. எல்லாமே நம் பிள்ளைகள் வாங்குகிற விலைதான். மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஞாயிறு காலை மேசைமேல் பரப்பி வைத்தேன். பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். ஆறு பேர் பையன்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம், போடுவதற்கு முன் அட்டையைச் சத்தமாகப் படிப்போம். அவ்வளவுதான் விதி.

பூவுக்கும் மஞ்சளுக்கும் தடை இருந்தது

தொடங்குமுன் ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1930 டிசம்பரில், நமக்கு வடகிழக்கே இருக்கும் இராமநாதபுரம் சீமையில், ஆதிதிராவிட மக்களுக்கு ஆதிக்க சாதியார் எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் இன்னும் பதினோரு தடைகள் வந்து சேர்ந்தன.

ஒரு பையன் கேட்டான்: "முடி வெட்டுனா அவங்களுக்கு என்னக்கா நட்டம்?"

சரியான கேள்வி. கிராப்பு வெட்டி, சட்டை போட்டு, செருப்போடு சாலையில் ஒருவன் நடந்து வந்தால் அவன் இன்னார் என்று தூரத்திலிருந்தே சொல்ல முடியாது. பக்கத்தில் வந்த பிறகும் அவனிடம் பழைய பணிவை எதிர்பார்க்க முடியாது. அந்த எட்டுத் தடைகளில் பெரும்பாலானவை உடம்பைப் பற்றியவைதான். தூரத்தில் பார்த்ததும் சாதி தெரிய வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

அம்பேத்கருக்கு இது நன்றாகத் தெரியும். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் பேசும்போது, தாழ்த்தப்பட்டவர் என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் கனத்த நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். மற்ற பெண்களைப்போலவே சேலை கட்டுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்றார். அடையாளத்தைச் சுமத்துகிறவன் கையிலிருந்து அதைப் பிடுங்கும் வேலை அது. ஆகவே, பூச்சும் பொட்டும் பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று சொல்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொள்வதும் நம் முன்னோர் அடிபட்டு வாங்கிய உரிமை.

கடலூரிலிருந்து வந்த பாக்கெட்

மேசையில் முதலில் எடுத்தது ஷாம்பு பாக்கெட். இது நம் தமிழ்நாட்டுக் கதை. ஷாம்பு என்றால் பெரிய பாட்டில், வசதியானவர்கள் குளியலறை என்று இருந்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதைச் சின்ன பாக்கெட்டில் அடைக்க முனைந்தார். கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கி சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். பிறகு அது 50 காசுக்கு வந்தது. சோப்புப் போட்டுத் தலைகுளித்துக்கொண்டிருந்த கிராமங்களுக்குப் போய், ஒரு சிறுவனை நிறுத்தி எல்லார் முன்னாலும் தலை தேய்த்துக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, நடுவில் விளம்பரம் போட்டு, படம் பார்த்தவர்களுக்கு இலவசப் பாக்கெட் கொடுத்தார்கள்.

எனக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊரில் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். ஆனால் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கும் ஷாம்புவுக்குத் தனிப் பாக்கெட் கிடையாது. எட்டணாவை நீட்டினால் கிழித்துக் கொடுப்பார்கள். காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்ன கடைகளும் உண்டு. இருந்தாலும் பாக்கெட்டுக்குள் இருந்தது எல்லாத் தெருவுக்கும் ஒன்றுதான். ஆற்றில் தலைமுழுகி ஈரமுடியோடு பள்ளிக்கூடம் போன அன்று, என் தலையில் அடித்த வாசமும் பெரிய தெருப் பிள்ளைகள் தலையில் அடித்த வாசமும் ஒன்றாக இருந்ததை நான் மறக்கவில்லை. கம்பெனிக்காரர் லாபத்துக்காகத்தான் செய்தார். ஆனாலும் வாசம் ஒன்றானது உண்மை.

பிள்ளைகள் மூன்று வகை ஷாம்பு போட்டுப் பார்த்தார்கள். ஒரு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் நுரையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. அழுக்கு எடுப்பது எல்லாமே எடுக்கிறது. விலை கூடியதில் வாசமும் வழவழப்பும் கூடுதல். நான் சேர்த்துச் சொன்னது ஒன்றுதான்: ஷாம்பு வேலை செய்வது மண்டைத்தோலில். முடி நுனிவரை அதைத் தேய்த்துக்கொண்டிருந்தால் முடி வறண்டு போகும். கிழித்த பாக்கெட்டைத் தாமிரபரணியில் போடாதீர்கள் என்றும் சொன்னேன். படித்துறைக் கல்லிடுக்கில் பார்த்தால் பாதி அதுதான் கிடக்கிறது.

பவுடர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, அழகும் செய்யவில்லை. கறுத்த முகத்தில் சாம்பல் பூசினதுபோல நின்றது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வியர்வைக்குக் கழுத்தில் போடலாம். கைக்குழந்தை மூக்கருகே தூவக் கூடாது. கண் மைதான் வென்றது. முப்பது ரூபாய் மை எல்லார் கண்ணுக்கும் பொருந்தியது. பெயர் விலாசம் இல்லாத கல் சுருமாவை மட்டும் தொடாதீர்கள், சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். லிப்ஸ்டிக்கில் வெளிர் ரோஜா நிறம் யாருக்கும் எடுக்கவில்லை. அடர்ந்த செங்கல் நிறமும் நாவல்பழ நிறமும் நம் நிறத்துக்கு அழகாக உட்கார்ந்தன. விளம்பரப் பெண்ணுக்குப் பொருந்துவதை வாங்கிவிட்டு நம் முகத்தைக் குறை சொல்கிறோம் என்று ஒரு மாணவியே சொன்னாள்.

ஸ்ட்ரெய்ட்னரும் டிரிம்மரும்

சுருட்டை முடிக்காரி ஒருத்தி ஆசையாக ஸ்ட்ரெய்ட்னரை எடுத்தாள். முடி ஈரமாக இருந்தது. வைத்ததும் 'உஸ்' என்று ஆவி வந்தது. உடனே நிறுத்தினோம். ஈரமுடியில் சூட்டுக்கருவி வைத்தால் முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து முடி வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, குறைந்த சூட்டில், ஒரு தடவை இழுத்தால் போதும். விலை குறைந்த கருவிகளில் சூட்டைக் குறைக்கும் வசதியே இருப்பதில்லை. நாங்கள் வாங்கியதிலும் இல்லை. பத்து நிமிடம் நேராக நின்ற முடி, ஆற்றங்கரைக் காற்றுக்கு மத்தியானத்துக்குள் சுருண்டுவிட்டது. தினமும் வைக்கிற பொருள் இல்லை என்று முடிவு செய்தோம்.

பார்லரில் ரசாயனம் போட்டு நேராக்குவது வேறு சங்கதி. அமெரிக்காவில் பல ஆயிரம் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அரசு ஆய்வு ஒன்றின் முடிவு 2022-ல் வந்தது. அப்படிப்பட்ட ரசாயனத்தைப் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். அங்கே இதை அதிகம் பயன்படுத்துவோர் கறுப்பினப் பெண்கள். சுருட்டை முடியோடு போனால் வேலை கிடைக்காது என்ற நிலைதான் அவர்களை அதற்குத் தள்ளியது. 2019-ல் கலிபோர்னியா மாநிலம், இயற்கையான முடியை வைத்து ஒருவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. முடிக்கு ஒரு சட்டமா என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். நம் நாட்டில் இல்லையா என்ன?

அப்போதுதான் பையன்கள் டிரிம்மரை எடுத்தார்கள். அதைப் பார்த்தால் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வரும். ஊர்ச் சலூனில் எங்கள் ஆட்களுக்கு வெட்டமாட்டார்கள். அண்ணன் ஆறேழு மைல் சைக்கிள் மிதித்து, தெரியாத ஊரில் போய் வெட்டிக்கொண்டு வருவான். அங்கேயும் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டும். ஒருநாள் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது தெரிந்தவர் யாரோ உள்ளே வந்து சொல்லிவிட்டார். பாதித் தலையோடு இறங்கி வந்தான். அப்பா திண்ணையில் உட்காரவைத்து அம்மாவின் கத்தரிக்கோலால் மீதியை வெட்டினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெட்டமாட்டேன் என்ற அந்தச் சலூன்காரரையும் நான் முழுவதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அவரும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்தான். எங்களுக்கு வெட்டினால் பெரிய தெரு அவரிடம் வராது, கடை வாடகைக்கும் இருக்காது. ஒடுக்கப்பட்டவர் கையைக் கொண்டே இன்னொரு ஒடுக்கப்பட்டவரைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு அது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, கடைகளில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லுக்கு அம்பேத்கர் மிக விரிந்த பொருள் கொடுத்தார்: தேடி வருகிறவருக்குத் தன் சேவையைத் தர ஆயத்தமாக இருக்கிறவர் நடத்தும் இடம் எதுவும் கடைதான் என்றார். 1955-ஆம் ஆண்டின் குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், கடை என்பதன் விளக்கத்துக்குள்ளேயே சலவைக் கடையும் முடிவெட்டும் சலூனும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. அதே சட்டம், நகை அணிவதையும் அலங்காரம் செய்துகொள்வதையும் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்கிறது. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் போகிறது: கட்டாயமாக மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, முகத்தில் சாயம் பூசுவது எல்லாம் வன்கொடுமை. பொது இடத்தில் புத்தாடை அணிவதையும் செருப்புப் போடுவதையும் தடுப்பதும் அப்படியே. மீசையும் செருப்பும் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கின்றன என்றால், அவற்றுக்காக எத்தனை பேர் அடிபட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் ஒரு சலூனில் வெட்டமறுத்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

டிரிம்மர் சோதனையில் தேறியது. ஒரு மாணவன் இன்னொருவனுக்குப் பின்கழுத்தை ஒதுக்கிவிட்டான். முன்னூற்றைம்பது ரூபாய்க் கருவி, நாலு பேர் நாலு தடவை வெட்டினால் காசு வந்துவிடும். ஆனால் ஒருவருக்கு வெட்டியபின் பிளேடைக் கழற்றித் துடைத்து ஸ்பிரிட் போடாமல் அடுத்தவருக்கு வைத்தால் படர்தாமரை ஊரெல்லாம் பரவும். இன்னொன்றும் சொன்னேன். டிரிம்மர் வீட்டில் இருக்கிறது என்பதற்காகச் சலூன் உரிமையை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. வசதிக்கு வீட்டில் வெட்டுங்கள். உள்ளே விடமாட்டார்கள் என்பதற்காக வெட்டாதீர்கள்.

முடிக்குச் செம்பட்டைச் சாயம் அடித்து, பக்கவாட்டில் ஒட்ட வெட்டிய பையன்களை 'புள்ளிங்கோ' என்று கேலி செய்கிறார்கள். பெரும்பாலும் குப்பத்துப் பையன்களையும் சேரிப் பையன்களையும் பார்த்துத்தான் அந்தச் சொல் வருகிறது. அதே வெட்டு நடிகர் தலையில் இருந்தால் ஸ்டைல். சாயம் அடிக்கிற தம்பிகளுக்கு ஒரே ஒரு யோசனை: பல சாயங்களில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு. சிலருக்கு முகமே வீங்கிவிடும். 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னே ஒரு சொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தலையில் போட வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் பாக்கெட்டை வைக்கவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மேசையில் மிஞ்சிய கிரீம்

கடைசியில் இரண்டு கிரீம் மிஞ்சின. ஒன்று நாடறிந்த கம்பெனியுடையது. மற்றது பெயர் விலாசம் இல்லாதது.

நம் நாட்டில் சிவப்பழகு கிரீம் வியாபாரத்தைப் பெரிதாக்கியது 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி. கறுப்பாக இருந்தபோது வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்காத பெண்ணுக்கு, கிரீம் போட்டதும் இரண்டும் கிடைக்கும். இப்படியே பல ஆண்டுகள் விளம்பரம் ஓடியது. 2005-ல் ஆண்களுக்கும் தனி கிரீம் வந்தது. கறுத்த தோல் உள்ளவரைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-ல் நெறிமுறை போட்டது. 2020-ல் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போராட்டம் உலகத்தை உலுக்கியபோது, ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது. வாங்குகிறவர் மனதில் இருக்கும் ஆசை அப்படியே இருக்கிறது.

தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. எவ்வளவு மெலனின் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் தோலைக் கெடுக்காமல் காப்பதும் அதுதான். நட்டநடு வெயிலில் குனிந்து நாற்று நடும் நம் அம்மாக்களுக்கு அது இயற்கை தந்த குடை. ஒழுங்கான கிரீம் அதிகம் போனால் வெயில்பட்ட கறுப்பைக் கொஞ்சம் குறைக்கும். பிறந்த நிறத்தை மாற்றாது. அப்படியானால் சில வாரத்தில் பளீரென்று வெளுக்கச் செய்யும் கிரீமில் என்ன இருக்கும்?

ஒன்று பாதரசம். அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும், ஆனால் தோல்வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் பக்கத்து மாநிலத்திலேயே நடந்தது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். நம் நாட்டு 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மற்றது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் வரும். தோல்நோய்க்கு மருத்துவர் சில நாட்களுக்குத் தருகிற மருந்து இது. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், பெண்பிள்ளைகள் முகத்தில் முடி முளைக்கும். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பும். அதனால் விடவும் முடியாது. தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஆணையிட்டது. கடைகளில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது.

அந்தப் பெயரில்லாத கிரீமை நாங்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அதை ஏற்கெனவே ஒருத்தி போட்டுப் பார்த்துவிட்டாள். துப்பட்டாவை விலக்கி அவளே எல்லாருக்கும் காட்டினாள்.

மாமை என்றொரு சொல்

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்கப் பாட்டில் தலைவியின் அழகான நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் நிறம், கருமை கலந்த மினுமினுப்பு. அவளை 'மாயோள்' என்றும் சொல்வார்கள், கருநிறத்தவள் என்று பொருள். தலைவன் பிரிந்துபோனதும் அவள் உடம்பில் வெளிறிப்போன ஒரு நிறம் படரும். அதற்குப் 'பசலை' என்று பெயர். பசலை வந்தால் மாமை போயிற்று என்று தோழி அழுவாள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் தமிழ்க் கவிஞர்களுக்குக் கறுப்பு அழகு, வெளுப்பு நோய். இன்று அந்த நோயைத்தான் பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வாங்கிப் பூசுகிறோம்.

வெட்கம் பிறவியில் வருவதில்லை, சொல்லிக் கொடுத்துத்தான் வருகிறது. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் வைத்தார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்துத் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் கருத்தில் கொண்டது.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. சாதிக்கு நிறம் கிடையாது. தாமிரபரணிக் கரையில் எல்லாத் தெருவிலும் கறுப்பும் உண்டு, மாநிறமும் உண்டு. எங்கள் தெருவில் எலுமிச்சை நிறத்தில் ஒரு சித்தி இருந்தார். அவருக்கும் அதே தனி டம்ளர்தான். தெருப்பெயர், அப்பா பெயர், கும்பிடும் சாமி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு யார் என்று தெரிந்துகொள்கிறவன், உன் கன்னம் வெளுத்திருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விடமாட்டான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப்படித்த பிள்ளைகள். எந்தத் தெரு என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொல்கிறது. சாதியைக் கயிற்றிலும் நெற்றியிலும் தேடுகிறவர்கள் இருக்கும்வரை, முகத்தை வெளுத்து என்ன பயன்? மாற வேண்டியது கேட்கிறவன். முகத்தை உரித்துக்கொள்ள வேண்டியது நாம் இல்லை.

கடைக்குப் போகும்போது

பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொண்டதை இங்கேயும் தருகிறேன். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிமம் எண், தொகுதி எண், காலாவதி மாதம், உள்ளே சேர்த்த பொருட்கள் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நகைமேல் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தாலும் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். எதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சில வாரத்தில் நிறம் மாறும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே போட்டு முகம் கெட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், டப்பாவோடு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் பிள்ளையை நான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டப்பாவைப் பார்த்த டாக்டரம்மா, ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு மருந்து எழுதினார். சரியாக ஆறேழு மாதம் ஆகலாம், வெயிலுக்குக் குடை பிடிக்க வேண்டும் என்றார். வெளியே வந்ததும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். விரித்துத் தலைக்குமேல் பிடித்தவள், "இதுவும் அந்த எட்டுல ஒண்ணுல்லாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம், எட்டாவது தடை அதுதான்.

ஆனி பிறந்து கல்லூரி திறந்த அன்று காலை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். கன்னத்தில் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. துப்பட்டா தோளில் கிடந்தது. கண்ணுக்கு அந்த முப்பது ரூபாய் மை எழுதியிருந்தாள், கையில் குடை. திருநெல்வேலி பஸ் வந்ததும் முன்வாசலில் ஏறி, சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.